ஆகாசத்துக்கு ஒரு புளிமதிப்பு

...இன்னும் சொல்லலை. ‘கனவான்களே’ன்னு ஆரம்பிச்சு அரைமணி ஆகப் போவுது, தண்ணி ரெண்டு தரம் குடிச்சாச்சு, அங்கவஸ்திரத்தை மூணு தரம் இழுத்து விட்டாச்சு, சாக்கட்டியை இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்தியாச்சு, அந்த ஒரு வார்த்தை மட்டும் வரலை. வரும், பொறு, இப்பத்தானே சூரியனைத் தாண்டியிருக்காரு, அதுக்குள்ள என்ன அவசரம் குருவம்மா, பதினோரு வருசம் பொறுத்தவ இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்க மாட்டியா... மாட்டேன். நேத்து சாயங்காலம் அடுப்படி நிலையில சாஞ்சு நின்னுக்கிட்டு இந்த மனுசன் என்ன சொன்னாரு? ‘சொல்லுதேன் ஏட்டி, இந்தக் கணக்கு என் வீட்டுல போட்ட கணக்குன்னு ஒரு வார்த்தை கட்டாயம் சொல்லுதேன், அதுல எனக்கு என்ன கொறைஞ்சு போவுது’ன்னு சொன்னாரா இல்லையா? அப்பளம் பொரிச்சுக்கிட்டிருந்தேன், சந்தோசத்துல ஒரு அப்பளம் கருகிப் போச்சு, கருகினதை நானே தின்னேன், கசக்கவே இல்லை. பேரைச் சொல்லும்னு கேக்கலையே நான். பேரெல்லாம் இவரு வாயில வராது, தாலி கட்டுன நாள்ல இருந்து ஏட்டிதான், இந்தாதான், வெளியாள் இருந்தா ‘வீட்டுல’தான். அந்த ‘வீட்டுல’யைச் சொன்னாப் போதும்னுதான் கேட்டேன். அதுக்கு மேல ஒண்ணும் கேக்கலை.

எங்களைக் கொண்டாந்து உக்கார வச்சிருக்குத அழகைப் பாரு. குத்தாலத்துக்குச் சீசனுக்கு வந்து தங்குத பெரிய மனுசங்க, வக்கீலு, டாக்டரு, மிட்டாதாரு, எல்லாம் சேந்து இந்த வாடகைப் பங்களாவுல சனிக்கிழமை தோறும் ஒரு பிரசங்கம் வைக்காங்க, காலையில அருவி, மத்தியானம் தூக்கம், சாயங்காலம் அறிவு. ஆம்பளைங்களுக்கு நாற்காலி, பொம்பளைங்களுக்கு ஜமுக்காளம், நடுவுல நெஞ்சு உயரத்துக்கு ஒரு மூங்கில் தட்டி, அதோட இண்டு வழியாத்தான் எங்களுக்குப் பலகையும் ஆளும் தெரியும். போன வாரம் மூல வியாதிக்கு வைத்தியம், இந்த வாரம் அண்டத்தில் எத்தனை அண்டங்கள், தென்காசிக் கணக்கு வாத்தியார் சிவனணைந்தபெருமாள்னு நோட்டீசுல கொட்டை எழுத்துல போட்டிருக்கு. நான் வாயால சொல்லக்கூடாத பேரு அது, மனசால எத்தனை தரமும் சொல்லலாம், முன்னால ரெண்டு வார்த்தை சேத்தும் சொல்லலாம், இன்னைக்குச் சேத்துத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். வெளிய சாரல் விழுந்துக்கிட்டே இருக்கு, தகரத்துல சளசளன்னு, அதுக்குப் பின்னால பேரருவி இரைச்சல். ஆனி ஆடி ரெண்டு மாசமும் இந்த ஊருல ஒத்த நட்சத்திரத்தைப் பாக்க முடியாது, மலை மொத்தமும் மேகத்தை இழுத்துப் போத்திக்கிட்டுக் கெடக்கும், இந்தச் சமயத்துல ஆகாசத்தைப் பத்திப் பிரசங்கம் பண்ணுதோமேன்னு ஒரு ஆளுக்காவது சிரிப்பு வருதா? பக்கத்துல வக்கீல் சம்சாரம் அகிலாண்டேஸ்வரி அக்கா மடியில மங்குஸ்தானை வச்சு உடைச்சு உடைச்சுத் திங்குதாங்க, எனக்கும் ஒரு சுளை நீட்டுதாங்க. வாங்கிக் கையிலயே வச்சிருக்கேன்.

‘நெபுலா’ன்னுட்டாரு. வந்துட்டோம், கிட்ட வந்துட்டோம். நம்ம சூரியன் மாதிரி கோடிகோடிச் சூரியன் ஒண்ணாக் கூடிக் கெடக்குத கூட்டம், தூரத்துல இருந்து பாத்தா மாவு சிந்தின மாதிரி ஒரு மங்கல், அந்த மாதிரிக் கூட்டம் எத்தனை இருக்குன்னு எண்ணுதாங்களாம் சீமையில... இந்தச் சங்கதி எப்படி வீட்டுக்குள்ள வந்துச்சுன்னு சொல்லுமே பாப்போம்? சேக் தாவூது கடையில நான் வாங்குன கால் வீசை கொத்தமல்லியைச் சுத்தி வந்துச்சு. மேல எஸ்டேட்டுல இருக்குத துரைமாரு படிச்சுப் போட்ட இங்கிலீஷ் பத்திரிகை எல்லாம் எடைக்குத் தென்காசிக் கடைக்கு வந்துரும், வழவழன்னு கெட்டித் தாளு, பொட்டலம் பிரியாது. நான் மல்லியைக் கொட்டிட்டுத் தாளை நீவிப் பாத்தேன், கறுப்பா ஒரு படம், அதுல வெள்ளை வெள்ளையாப் புள்ளி, கீழ எழுத்து. பாளையங்கோட்டையில சித்தப்பா வீட்டுல இருந்து மிஷன் பள்ளிக்கூடத்துல மூணாம் பாரம் படிச்ச இங்கிலீஷ் அன்னைக்குத்தான் எனக்குப் பிரயோசனப்பட்டுச்சு. மறுநாள் குடையைப் பிடிச்சுக்கிட்டுக் கடைக்குப் போய் நின்னேன். ‘இந்தப் பொஸ்தகத்துல பாக்கி இருக்கா பாய்?’ ‘இருக்குத வரைக்கும் எடுத்துக்கிடுங்கம்மா, ரெண்டு மூணு தாள் காலையிலயே போயிட்டு, கடைசித் தாள்ல பெருங்காயம் மடிச்சுக் குடுத்துட்டேன்’னாரு. கடைசித் தாள் இல்லாமத்தான் படிச்சேன், ஒரு வாரம், உலை கொதிக்குத நேரமெல்லாம், தெரியாத வார்த்தையைச் சுவத்துல கரியால எழுதி வச்சு, இவரு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒண்ணொண்ணாக் கேட்டு. ‘என்னத்துக்கு ஏட்டி உனக்கு இதெல்லாம்’னு கேட்டவரு, எட்டாம் நாளு தாளையே வாங்கிக்கிட்டாரு. நானும் சந்தோசமாத்தான் குடுத்தேன், புத்தி கெட்டவ.

வானம் பூராவும் படம் பிடிக்க ஆயுசு போதாது, அதனால அங்கன ஒரு கையகலம் இங்கன ஒரு கையகலம் படம் பிடிச்சு, கண்ணாடித் தட்டுல விழுந்த மங்கலை எல்லாம் எண்ணி, முழு வானத்துக்கும் பெருக்குதாங்க. படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துட்டு, அட, புளிமதிப்பு! எங்க ராயகிரியில மார்கழி பிறந்தா வேற வேலை என்ன? புளியைக் குத்தகைக்குக் கேக்குத எங்க அண்ணன் சொரிமுத்து, எவ்வளவு காய் தேறும்னு மரம் மரமாப் போய் மதிப்புப் போடுவான், மரத்தடியில நின்னு நாலு பக்கமும் ஒவ்வொரு கொம்பா எடுத்து, ஒரு கைப்பிடிக் கொப்புல எத்தனை காய், ஒரு கொம்புல எத்தனை கொப்பு, மரத்துக்கு எத்தனை கொம்பு... சோத்துவாளி தூக்கிக்கிட்டுப் போன நான் பின்னாலயே நின்னு மனசுக்குள்ள பெருக்குவேன், அவன் விரலை மடக்கி முடிக்குததுக்கு முன்னால எனக்கு வந்துரும். நடு மரத்துல எலை அடர்ந்து இருட்டாக் கெடக்கும், அங்கன ஒரு காய்கூடத் தெரியாது, மொத வருசம் அண்ணன் அதைச் சைபர்னு போட்டுட்டு, எல்லா மரத்துலயும் கொறைச்சுச் சொல்லி, அம்புட்டு மரமும் கூடக் கேட்ட அடுத்த ஆளுக்குப் போயிட்டு. ‘காய் இல்லாம இல்லைண்ணே, எலை மறைக்கி, பாக்க முடியாததைச் சைபர்னு எழுதாதே, அதைத் தள்ளி வச்சிட்டு மத்த பக்கத்தை வச்சுப் பெருக்கு’ன்னேன். எனக்கு அப்ப பதினாலு வயசு. அடுத்த வருசம் அண்ணன் ஊரு பூரா என்ன சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான்? ‘இது எங்க குருவு போட்ட மதிப்பு, பிசகாது’ன்னான். கைநாட்டு வைக்குதவன் அவன். அவனுக்கு அந்த வார்த்தை வாயில வந்துச்சு.

இந்த பி.ஏ., எல்.டி. அந்தக் கணக்கைப் போட்டு என்ன செஞ்சாரு? பத்திரிகையில ஒவ்வொரு தட்டுலயும் எத்தனைன்னு பட்டியல் போட்டிருந்துச்சு, ஒண்ணுல முப்பது, ஒண்ணுல நாப்பது, பால்வீதிங்காங்களே அந்த ஆகாசகங்கை ஓரமாப் போகப் போக அஞ்சு, ரெண்டு, நடுவுல சைபர், சைபர், சைபர். இவரு அத்தனையையும் கூட்டி அத்தனையாலயும் வகுத்து, ஏழு கோடின்னு கீழ ரெண்டு கோடு இழுத்துட்டாரு. நான் தோசைக்கரண்டியோட நின்னு எட்டிப் பாத்தேன். ‘இது தப்புல்லா’ன்னேன். ‘என்ன தப்பைக் கண்டுட்டே?’ ‘இந்தச் சைபரெல்லாம் சைபர் இல்லை, ஆகாசகங்கையில தூசியும் தும்புமா அடைச்சுக்கிட்டு மறைக்கி, அதுக்குப் பின்னாலயும் இருக்கும், அதைத் தள்ளி வச்சிட்டுப் பெருக்கும், பத்துக் கோடிக்கு மேல வரும்.’ எப்படிச் சிரிச்சாரு தெரியுமா, கண்ணுல தண்ணி வர்ற மாதிரி, ‘புளியமரத்துல ஏறுன புத்தி இன்னும் கீழ எறங்கலையாட்டி, ஆகாசம் என்ன உங்க அண்ணன் குத்தகைக்கு எடுத்த தோப்பா’ன்னு. சரிதான்னு நானும் தோசையைப் பாக்கப் போயிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு மேசையைத் தொடைக்கும்போது தாளைப் பாக்குதேன், ஏழு கோடியை அடிச்சிருக்கு, சைபரெல்லாம் தனியா ஒரு ஓரத்துல, கீழ பத்துக் கோடியே சொச்சம். ஒரு வார்த்தை சொன்னாரா எங்கிட்ட? அதுக்கப்புறம்தான் நேத்து நானே வாயைத் திறந்து கேட்டேன், கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்துச்சு.

இப்ப... இப்ப பட்டியலுக்கு வந்துட்டாரு. பலகையில எழுதுதாரு, முப்பது, நாப்பது, அஞ்சு, ரெண்டு, சைபர். மங்குஸ்தான் சுளை கையிலயே நசுங்கிட்டு, சொல்லப் போறாரு, இந்த எடம்தான், இதை விட்டா வேற எடம் கெடையாது. ‘மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் சராசரி எடுத்துவிடலாம் என்றுதான் தோன்றும்... ஆனால் கனவான்களே, நமது தேசத்திலே புளிய மரத்திற்கு மதிப்புப் போடுகிற முறை ஒன்று உண்டு...’ ஐயோ, புளியமரம்! என் புளியமரம்! ராயகிரி மண்ணை மிதிச்சா கால் அரிக்குதுன்னு சொன்ன மனுசன், மாமனார் ஊருக்கு வந்தா மறுநாள் வண்டியைப் பூட்டச் சொல்லுத மனுசன், நாலு கொம்பைச் சொல்லுதாரு, எலை அடர்ந்த இருட்டைச் சொல்லுதாரு, ‘காணாததைச் சைபர் என்று எழுதலாகாது’ங்காரு, நான் சொன்னதை இலக்கணத் தமிழாக்கிச் சட்டை போட்டுக் கூட்டிட்டு வந்திருக்காரு, சரி, சொல்லும், சொல்லிட்டு அடுத்த வார்த்தையையும் சொல்லும்... ‘இதை ஆகாசத்துக்கும் ஏன் பொருத்திப் பார்க்கக் கூடாது என்று அடியேனுக்குத் தோன்றியது.’

அடியேனுக்கு. அடியேனுக்குத் தோன்றியது. கை தட்டுதாங்க, மிட்டாதாரு ‘பேஷ்’ங்காரு, நாற்காலி எல்லாம் கிறீச்சுங்குது, அகிலாண்டேஸ்வரி அக்கா என் தொடையில தட்டி, ‘ஏ குருவு, உங்க வீட்டுக்காரருக்கு என்ன மூளை பாத்தியா!’ங்காங்க. ஆமாக்கா, மூளைதான், நல்லா விளைஞ்ச மூளை, விளைஞ்ச எடம்தான் வேற. இந்தா எந்திரிச்சுப் போயிருவோமா, வண்டிக்காரனைக் கூப்பிட்டு நேரே தென்காசிக்கு... போயி? உலை வைக்கணும், இவருக்கு ராத்திரிக்கு ரசம் வேணும், தொண்டை கட்டியிருக்கும்லா, பேசிப் பேசி. சண்டாளா! என்ன கேட்டேன் உங்கிட்ட, காசுமாலையா கேட்டேன், காசிக்குக் கூட்டிட்டுப் போன்னு கேட்டேனா? ஒத்த வார்த்தை. காத்துல போற வார்த்தை.

குத்தம் என்மேலதான். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு மதிப்புப் போட்டேனே, நானா போட்ட மதிப்புதானே. எல்லாரும் சொஜ்ஜியைத் தின்னுக்கிட்டிருக்கும்போது இவரு மட்டும், ‘மூணாம் பாரமாமே, இதை வாசி’ன்னு பையில இருந்து ஒரு இங்கிலீஷ் பேப்பரை எடுத்து நீட்டுனாரு. வாசிச்சேன். ‘எங்கம்மாவுக்குத் தபால்கார்டு வாசிக்கத் தெரியாது, எனக்கு வாசிக்கத் தெரிஞ்ச வீடு வேணும்’னாரு. அன்னைக்கு அடுப்படிக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன், இப்படியும் ஒரு ஆம்பளையான்னு. ஒரு சாயங்காலம், ஒரு பேப்பர் அகலம், அம்புட்டுத்தான் நான் பாத்தது, அதை வச்சு ஆயுசு பூராவுக்கும் பெருக்கிட்டேன். மரத்துக்காரன் எப்பவும் காய்ப்பு நல்லா இருக்குத பக்கம் பாத்துத்தான் கட்டிலைப் போட்டு, மோரும் குடுத்து உக்கார வைப்பான், அங்கன இருந்து மதிப்புப் போட்டா ஏமாந்து போவேன்னு எங்க அண்ணனுக்கே சொல்லிக் குடுத்தவ நான். நானே கட்டில் போட்ட பக்கத்துல உக்காந்து மோரையும் குடிச்சிட்டு மதிப்புப் போட்டிருக்கேன். அட மூதேவி.

என்ன, சத்தம் நின்னு போச்சு? யாரோ எந்திரிச்சு நிக்குதாங்க. மெட்ராசுல இருந்து வந்திருக்குத ரிட்டயர் ஆன ஜட்ஜு, மேலுக்கு எண்ணெய் தேச்சு அருவியில குளிக்க வந்த மனுசன், தலை வெள்ளையா பஞ்சு மாதிரி இருக்கு. ‘மிஸ்டர் பெருமாள், ஒரு சின்னச் சந்தேகம். மறைஞ்ச பக்கத்திலே இருக்கிறதும், நீங்க பார்த்த பக்கம் மாதிரியேதான் இருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?’ நல்லாக் கேட்டீரு தாத்தா, உமக்குப் புண்ணியமாப் போவட்டும்! இவரு பலகையைப் பாக்குதாரு, கையில இருக்குத துண்டுத் தாளைத் திருப்பிப் பாக்குதாரு, பின்பக்கம் வெறும் தாளு, எனக்குத் தெரியும், நான்தானே மடிச்சுக் குடுத்தேன். தண்ணி குடிக்கச் செம்பைத் தூக்குதாரு, செம்பு காலி. மெதுவாத் தலையைத் தூக்கி மூங்கில் தட்டியைப் பாக்குதாரு. என்னைத் தேடுதாரா? தேடும், நல்லாத் தேடும். ‘இதை...’ங்காரு, தொண்டையைச் செருமிக்கிட்டு, ‘இதை என் வீட்டிலேதான் கேட்க வேண்டும்.’

கொல்லுன்னு சிரிச்சுட்டாங்க. ‘ஹோம் மெம்பர் உத்தரவு வேணுமோ!’ன்னு, கவர்னர் சபை மந்திரியையும் வீட்டுக்காரியையும் ஒண்ணாக்கி ஒரு வக்கீலு சத்தம் போட, சிரிப்பு இன்னும் கூடிப் போச்சு, அகிலாண்டேஸ்வரி அக்கா மங்குஸ்தான் தோலால வாயைப் பொத்திக்கிட்டுக் குலுங்குதாங்க, ‘உங்க வீட்டுக்காரர் இப்படித் தமாஷ் பண்ணுவாரா, பாத்தா உம்முணாமூஞ்சி மாதிரில்லா இருக்காரு.’ சொல்லிட்டாரு. கேட்ட வார்த்தையைச் சொல்லிட்டாரு, ‘வீட்டிலே’ன்னு சபையில சொல்லிட்டாரு, யாருமே நம்பாத மாதிரி சொல்லிட்டாரு! இவ்வளவு நேரமும் நான் என்ன நெனச்சிருந்தேன்? மறந்திருப்பாரு, எழுதி எழுதித் தன்னுதுன்னே ஆயிப்போயிருக்கும், ஆம்பளைப் புத்தி அப்படித்தானேன்னு நெனச்சேன். இல்லை. தெரிஞ்சிருக்கு. கைதட்டு வாங்கும்போதும் தெரிஞ்சிருக்கு, அடியேன்னு சொல்லும்போதும் தெரிஞ்சிருக்கு, மாட்டிக்கிட்ட பிறகு என்னைக் கூப்பிடத் தெரிஞ்சிருக்கு. மறந்துட்டவரா இருந்தா நாளைக்கே மன்னிச்சிருப்பேன்.

எந்திரிச்சுட்டேன். எப்ப எந்திரிச்சேன்னு தெரியலை, அகிலாண்டேஸ்வரி அக்கா சேலையைப் பிடிச்சு இழுக்காங்க, ‘ஏ, உக்காரு, என்ன பண்ணுதே, பொம்பளைங்க...’ தட்டிக்கு மேல என் தலை தெரியுது, சிரிச்ச வாயெல்லாம் அப்படியே நிக்குது. சொல்லப் போறேன். என்னத்த சொல்ல? மறைஞ்ச பக்கமும் இதே மாதிரின்னு எப்படித் தெரியும்... கடைசித் தாள்ல இருந்திருக்குமோ, தென்காசியில எந்த வீட்டு அஞ்சறைப் பெட்டியில அது பெருங்காய வாசனையோட கெடக்கோ... இருந்திருக்காது. இருக்க முடியாது. எங்க அண்ணனுக்கு எப்படித் தெரியும், புளி உலுக்கிப் பாக்குத வரைக்கும் யாருக்குத் தெரியும், ஆகாசத்தை யாரு உலுக்கிப் பாத்தா? இதுக்கு ஒரே பதில்தான் இருக்கு, ‘தெரியாது’. அதுதான் சரியான பதில், அடப்பாவி, அதை நீரே சொல்லியிருக்கலாம்லா, உம்ம வாயில இருந்து வந்தா ‘எவ்வளவு அடக்கம்’னு அதுக்கும் கை தட்டியிருப்பாங்க. என் வாயில இருந்து வந்தா? பொம்பளை எந்திரிச்சு நின்னு தெரியாதுன்னு சொன்னாளாம்னு இந்தச் சீசன் முடியுத வரைக்கும் அருவிக்கரையில வச்சுச் சிரிப்பாங்க. பதினோரு வருசத்துல எனக்கு வந்த ஒரே சந்தர்ப்பம், அதுல நான் சொல்ல வேண்டிய வார்த்தை இதுவா? வேற ஏதாவது பெருசா, இங்கிலீஷுல ரெண்டு வார்த்தை கலந்து அடிச்சு விட்டிருவோமா, யாருக்குத் தெரியப் போவுது... சீ. அதுக்கு நானும் அடியேன்னே சொல்லிரலாம்.

‘தெரியாதுங்க’ன்னேன். என் குரலு எனக்கே வேற யாரோ பேசுத மாதிரி கேட்டுச்சு. ‘யாருக்கும் தெரியாது. பாத்த பக்கம் மாதிரித்தான் பாக்காத பக்கமும் இருக்கும்னு நம்பிப் பெருக்குதோம். அந்த நம்பிக்கை பிசகிட்டா பத்துக் கோடியும் பிசகு. அவ்வளவுதான் கணக்கு.’ ஜட்ஜு வாயை லேசாத் தொறந்துக்கிட்டு நின்னாரு. பின் வரிசையில மொதச் சிரிப்பு கெளம்புச்சு, அப்புறம் நாலு, அப்புறம் பத்து, ‘ஹோம் மெம்பருக்கும் தெரியாதாம்ல!’ சிரிங்கலே, வயிறு வலிக்கச் சிரிங்க. நான் அவங்களைப் பாக்கலை. அந்த மனுசனைத்தான் பாத்தேன், எப்படியும் இவருதான் எல்லாருக்கும் முந்திச் சிரிச்சிருப்பாருன்னு, தப்பிச்சோம்டான்னு. சிரிக்கலை. மேசையில குனிஞ்சு, துண்டுத் தாளைத் திருப்பிப் போட்டு, அந்த வெறும் பக்கத்துல பென்சிலை நாக்குல தொட்டுத் தொட்டு எழுதுதாரு. நான் சொன்னதைத்தான் எழுதுதாரு, உதடு அசையுது, வார்த்தை பிசகாம அசையுது, நம்பிப் பெருக்குதோம்... எதுக்கு எழுதுதாரு? அடுத்த ஊர்ல, அடுத்த கூட்டத்துல, அடியேனுக்குத் தோன்றியதுன்னு சொல்லவா? அதுக்குத்தான், வேற எதுக்கு... இல்லை, வேற எதுக்காவதா? பதினோரு வருசம் பக்கத்துலயே இருந்து சோறு போட்டவ, எனக்குத் தெரியலை. அகிலாண்டேஸ்வரி அக்கா இன்னும் சேலையை இழுத்துக்கிட்டிருக்காங்க. நிமிந்து பாப்பாரா பாப்பம்னு நான் உக்காராம நிக்கேன்.